மறு: இணக்குரையா, பிணிப்புரையா?

நாகர்கோவிலிலிருந்து:

வணக்கம். பேச்சுப் பயிற்சிக் கையேடு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. கேட்பவர் மனத்தை மாற்றிச் செயலுக்கு அழைக்கும் பேச்சுக்கு (persuasive speech) என்ன பெயர் வைப்பது என்று அதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

குளச்சல் டீச்சர் சொன்ன 'பிணிப்புரை'க்கு 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்' என்ற குறளே துணை நிற்கிறது; கேட்டவரைக் கட்டிப்போடுவது என்று பொருள். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிணி என்றால் காய்ச்சல்தான். இன்னொரு யோசனையான 'பிரேரணைப் பேச்சு', தூண்டும் பேச்சு என்று மலையாளம் பழகிய விளவங்கோட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும், சரி. இலங்கையிலோ நாடாளுமன்றத்தில் கொண்டுவரும் முன்மொழிவுக்குப் பெயர் பிரேரணை. என் வாக்கு 'இணக்குரை'க்கு.

எனக்குப் பெரிய கவலை உட்பிரிவுகள்தான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்றோ இவ்வகைப் பேச்சுக்கு 1930களில் வகுத்த ஐந்து படிகளில் மூன்றாவதற்கு (satisfaction) 'நிறைவு' என்று போட்டிருக்கிறோம். அழைப்பிதழ்களில் 'நிறைவுரை' பார்த்து வளர்ந்த பிள்ளை அங்கேயே நன்றி சொல்லி மேடையை விட்டு இறங்கிவிடும். இரண்டாம் படியில் எழுப்பிய தேவைக்கு வழி சொல்லும் இடம் அது. 'தீர்வு' என்றே வைப்போம்.

நான்காவதற்குக் (visualization) 'காட்சிப்படுத்தல்' வேண்டாம்; அட்டையில் படம் வரைந்து வந்துவிடுவார்கள். 'கண்முன் காட்டல்' போதும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தைப் பற்றிப் பேசும் பிள்ளை, தூர்வாரும் வழியைச் சொன்ன கையோடு, கும்பப்பூ நாற்று வெடித்த வயலில் வாடி நிற்பதைக் காட்ட வேண்டும். அதே வயலில் மடை திறந்து தண்ணீர் பாய்வதையும் காட்ட வேண்டும். அப்புறம்தான் "சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு வாருங்கள்" என்ற ஐந்தாம் படியான செயலழைப்பு எடுபடும்.

தக்கலை அண்ணாச்சி மணிமேகலைக் காப்பியத்தின் பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) ஐந்தையும் படிகளின் பெயராக அப்படியே எடுக்கச் சொல்கிறார். ஐந்து என்ற எண்ணைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை அண்ணாச்சி. அது ஒரு கூற்றை நிறுவும் அளவை, அதாவது தருக்க முறை. புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டு என்று தெளிந்தவர், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று நிகமனம் கேட்பதில்லை. மன்றோ கேட்கிறார்.

தக்கலையிலிருந்து:

தம்பி, தீர்வும் கண்முன் காட்டலும் எனக்குச் சம்மதம். அளவைச் சொற்களையும் விட்டுவிடுகிறேன். இணக்குரையைத்தான் மனம் ஏற்கவில்லை. இணை, இணர், இணக்கம் எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. ஒட்டி நிற்பதைத்தான் அவை சொல்லும். இணர் என்ற பூங்கொத்து சொல்வன்மை அதிகாரத்திலேயே வருகிறது, 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்று. மேலதிகாரி சொன்னார் என்று மனமில்லாமல் தலையாட்டுவதும் இணங்குவதுதானே? பேச்சால் மனம் மாறுவது அதுவா?

பெரும்பான்மைக்கு இணக்குரை பிடித்திருந்தால் அச்சிடுங்கள். டீச்சரின் பிணிப்புரையை அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள். காய்ச்சல் இல்லை என்று வகுப்பில் நானே வந்து விளக்குகிறேன்.