அயர்லாந்தின் பிறை நகைகள்: தங்கம் சொந்த மண்ணுடையதா, கார்ன்வாலுடையதா?

ஏரிக்கரை:
போன வாரம் டப்ளின் கில்டேர் தெரு அருங்காட்சியகத்தில் லுனுலாக்களைப் பார்த்தேன். பிறை வடிவத்தில் தட்டிய தங்கக் கழுத்தணிகள், 4,000 ஆண்டுப் பழசு. நடுவில் ஒரு கோடு கிடையாது. விளிம்பிலும் இரு கொம்புகளிலும் மட்டும் நுணுக்கமாகக் கீறியிருக்கிறார்கள். இதுவரை கிடைத்தவற்றில் 80க்கு மேல் அயர்லாந்தில்தான். ஆனால் 2015இல் வந்த ஓர் ஆய்வு, தங்கம் பெரும்பாலும் கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் இருந்து வந்தது என்கிறது. எனக்கு ஒப்பவில்லை. 1795இல் அயர்லாந்தின் கிழக்கே விக்லோ மாவட்ட ஆறு ஒன்றில் ஊரே இறங்கித் தங்கம் அள்ளியது. 22 அவுன்ஸ் கட்டிகூடக் கிடைத்தது. வாசலில் கிடப்பதை விட்டுவிட்டு யாராவது படகு ஏறுவார்களா?

கரிக்கட்டை:
வாசலில் கிடந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! தங்கத்துக்குள் துளி ஈயம் இருக்கும். அதன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம் தாதுப் படிவுக்குப் படிவு வேறுபடும். 50 பழைய நகைகளைச் சோதித்தார்கள். அயர்லாந்துப் படிவுகளோடு ஒத்துப்போகவில்லை, கார்ன்வாலோடு ஒத்துப்போனது. அங்கே வெள்ளீய மணலை அலசும்போது தங்கமும் சட்டியின் அடியில் தங்கும், இரண்டுமே கனம் என்பதால்.

பட்டறைப் பையன்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நகை வேலை. நாலு வீட்டுப் பழைய தங்கம் ஒரே மூசையில் போய்விட்டால், அப்புறம் எது யாருடையது என்று சொல்லவே முடியாது. கலந்த தங்கத்தின் எண் ஒரு ஊரோடு ஒத்துப்போகிறது என்பதற்காக அந்த ஊர்தான் என்று அடித்துச் சொல்வீர்களா?

கரிக்கட்டை:
நல்ல கேள்வி. ஆனால் இவை அந்தப் பகுதியில் தங்கம் புழங்கத் தொடங்கிய காலத்து நகைகள். உருக்குவதற்குப் பழசு எவ்வளவு இருந்திருக்கும்?

ஏரிக்கரை:
ஐசோடோப்பை விடுங்கள். அதற்குச் சில வருடம் முன்பு வேறொரு குழு, நகைகளில் உள்ள வெள்ளியின் அளவை வைத்து அயர்லாந்தின் வடக்கே மோர்ன் மலையைக் காட்டியது. அதுவும் அறிவியல்தானே? இன்னொன்று: கார்ன்வாலில் கிடைத்த லுனுலாக்களை விரல்விட்டு எண்ணலாம். தங்கம் கையில் வைத்திருப்பவன் தான் போடாமல் அடுத்தவனுக்கு அனுப்புவானா?

கரிக்கட்டை:
பதிலுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அயர்லாந்தின் தென்மேற்கே கில்லார்னி ஏரிக்கரையில் ராஸ் தீவு (பேர்தான் தீவு, கரையோடு ஒட்டியது). கி.மு. 2400 வாக்கிலேயே அங்கே செம்புச் சுரங்கம். பாறையோரம் விறகு அடுக்கித் தீ மூட்டி, வெடித்துத் தளர்ந்ததைக் கல் சுத்தியலால் உடைத்தார்கள். அள்ளுவதற்கு மாட்டின் தோள்பட்டை எலும்பு. அந்தச் செம்பில் ஆர்சனிக் கலந்திருக்கும். பிரிட்டனின் பழைய கோடாரிகளிலும் அதே செம்புதான். ஆக, செம்பு ஏற்றிக்கொண்டு அக்கரை போன படகு காலியாகவா திரும்பியிருக்கும்? ஜெர்மனியில் கிடைத்த நெப்ரா வட்டில் (சூரியன், நிலா, விண்மீன்களைத் தங்கத்தில் பதித்த வெண்கல வட்டு) உள்ள தங்கத்தையும் கார்ன்வால் ஆறு ஒன்றோடு ஆய்வாளர்கள் பொருத்தியிருக்கிறார்கள்.

ஏரிக்கரை:
நெப்ரா சில நூற்றாண்டு பிந்தியது, அதை இதில் சேர்க்காதீர்கள். செம்பு போனது சரி, ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு வந்தது தங்கம்தான் என்பது உங்கள் ஊகம். வெண்கலக் காலத்தில் கார்ன்வாலில் தங்கம் அலசிய ஓர் இடத்தைக் காட்டுங்கள், பேசுவோம்.

கரிக்கட்டை:
விக்லோவில் நீங்கள் ஒன்றைக் காட்டுங்கள்! 1795க்குப் பிறகு அந்த ஆற்றுப் படுகையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள். கார்ன்வாலிலும் வெள்ளீயக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மணலைக் கிளறியாயிற்று.

பட்டறைப் பையன்:
நடுவில் ஒன்று. அயர்லாந்தின் ராஸ்காமன் பக்கம் 1945இல் கரிச்சேற்று நிலத்தில் ஒரு லுனுலாவும் இரண்டு தங்க வட்டுகளும் கிடைத்தன. மூன்றும் சேர்த்து 78 கிராம், ஏறக்குறைய 10 சவரன். மருந்துக்கடைப் பெட்டகத்தில் வருடக்கணக்காகக் கிடந்து, 2009இல் திருடு போய், குப்பைத்தொட்டியில் இருந்து போலீஸ் எடுத்தது. பத்து சவரனைத் தட்டி அவ்வளவு அகலத் தகடாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. காய்ச்சி ஆற்றாமல் தட்டினால் விளிம்பு விரிசல் விடும். நீங்கள் தங்கம் எந்த ஊர் என்று சண்டை போடுகிறீர்கள், நான் கை யாருடையது என்று பார்க்கிறேன்.

ஏரிக்கரை:
கை அயர்லாந்துக் கை. அதில் மூவருக்கும் தகராறு இல்லை என்று நினைக்கிறேன். தங்க விஷயத்தில் நான் இன்னும் மோர்ன் பக்கம்தான். அடுத்த மாதம் கில்லார்னி போகிறேன், ராஸ் தீவுச் சுரங்கப் படங்களை இங்கேயே போடுகிறேன்.