ரோஸ் நிற டோனட் பெட்டி எல்லா ஊரிலும் உண்டா?

லேக்வுட்டுக்காரி கேட்டது:

1990களில் தெற்குக் கலிஃபோர்னியாவில், லேக்வுட்டில் குடியிருந்தோம். சனிக்கிழமை விடிந்ததும் அப்பா பாட்டியையும் தம்பியையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு தெருமுனை டோனட் கடைக்குப் போவார். ஒரு பக்கம் சலவைக் கடை, மறுபக்கம் மதுக்கடை, நடுவில் இது. கடை ஒரு கம்போடிய அம்மாளுடையது. கல்லாவுக்குப் பக்கத்தில் அவர் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். என்னைவிட ஒரு வகுப்புதான் பெரியவள். ஆனால் மீதிச் சில்லறையைப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

தம்பிக்கு மேப்பிள் பாகு பூசிய நீள டோனட். எனக்கு ஆப்பிள் ஃபிரிட்டர். கரடுமுரடான மேற்புறத்தில் பாகு காய்ந்து, தொட்டால் செதில் செதிலாக உதிரும். பாட்டிக்கு வெறும் சர்க்கரைப் பாகு போட்டது. பாட்டி சுத்த சைவம். வாரம் தவறாமல் “முட்டை போட்டிருக்கிறார்களா, கேள்” என்பார். அப்பா ஆங்கிலத்தில் கேட்பார், அந்த அம்மாள் தணிந்த குரலில் ஏதோ சொல்வார், அப்பா “இல்லையாம்” என்பார். அதன் பிறகுதான் பாட்டி மெழுகுத்தாளை மடியில் விரிப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி ரோஸ் நிறம் என்கிறேன் நான். நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி, “நீயாகக் கற்பனை செய்கிறாய்” என்கிறான். அப்போது அவனுக்கு 4 வயது! இன்னொன்று: ஒரு டஜன் கேட்டால் எப்போதும் 13 இருக்கும். அது ஏன்?

லாங் பீச் பழையவர்:

நீங்கள் சொல்வதுதான் சரி. 1975இல் கம்போடியா கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் கைக்குப் போனபோது அகதியாக வந்தவர் டெட் ஙோய். இங்கே டோனட் தொழில் கற்று, லா ஹாப்ராவில் ஒரு கடை வாங்கி, பின்னால் வந்த உறவினருக்கும் ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக் கடை வைக்க உதவினார். (பிறகு சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்தார், அது தனிக் கதை.) வெள்ளை அட்டையைவிட ரோஸ் அட்டை சில காசு மலிவு. நாள் முழுவதும் பெட்டி மடிக்கிறவர்களுக்கு அது பெரிய காசு. கம்போடியர்களுக்கு வெள்ளை துக்க நிறமும்கூட.

பதின்மூன்றாவது கொசுறு, வேறென்ன? நம் ஊரில் கறிவேப்பிலை, அங்கே டோனட். அவர்களுக்கும் ஏப்ரல் நடுவில்தான் புத்தாண்டு. ஒரு சித்திரைப் பிறப்பன்று எங்கள் தெருக் கடைக்காரரும் நானும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு விழித்தோம்.

எடிசன்வாசி:

தம்பிக்காக ஒரு வார்த்தை. இருபது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ரோஸ் பெட்டியை ஒரு நாளும் கண்டதில்லை. கொசுறும் கிடைத்ததில்லை.

இரவுப்பணி:

படிக்கிற காலத்தில் இப்படி ஒரு கடையில் இரவு வேலை பார்த்தேன். நடுநிசியில் மாவு பிசைய ஆரம்பித்தால்தான் ஐந்து மணிக்குக் கண்ணாடி அலமாரி நிரம்பும். வெட்டிய வளையங்களை வெதுவெதுப்பான ஈர அறையில் உப்ப விட்டு, சுமார் 190 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் போடுவோம். மாவு லேசானது, பாதி மேலே மிதக்கும். ஒரு பக்கம் சிவந்ததும் இரண்டு மரக்குச்சிகளால் புரட்ட வேண்டும். எண்ணெய் படாத இடுப்பில் ஒரு வெளிர் கோடு நிற்கும். அந்தக் கோடு ஒழுங்காக இல்லையென்றால் முதலாளி அம்மாள் ஒன்றும் சொல்ல மாட்டார், என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை. நாங்கள் பிசைந்த மாவு மூட்டையிலேயே முட்டைத்தூள் என்று அச்சிட்டிருந்தது. உங்கள் கடை எப்படியோ.

லேக்வுட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன், பதில் இல்லை.

முட்டை விஷயத்தை அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அந்த அம்மாள் முதல் வாரமே சொல்லிவிட்டார். உன் பாட்டி அதற்குள் பாதி தின்றுவிட்டாள்” என்றார்.