கரையில் இருந்தவரைக் கடற்கொள்ளையராக விசாரிக்க முடியுமா?

கேள்வி (பன்னாட்டுச் சட்டம் பயிலும் மாணவி)

2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் கடத்தப்பட்ட 'சி.இ.சி. ஃபியூச்சர்' கப்பல் பஹாமாஸ் கொடியுடையது. உரிமையாளர் டேனிஷ் நிறுவனம். அதிலிருந்த சரக்கு மட்டுமே ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. கொள்ளையர்களுக்காக மீட்புத்தொகை பேசிய சோமாலியரான அலி, கப்பல் கைப்பற்றப்பட்ட பிறகே அதில் ஏறினார். அவர் கப்பலில் இருந்த நாள்களில் அது பன்னாட்டுக் கடற்பரப்பில் இருந்தது அரை மணி நேரத்துக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் சோமாலியாவின் எல்லைக்கடலுக்குள்தான் நின்றது. 2011-இல் ஒரு கல்வி மாநாட்டுக்கான அழைப்பை நம்பி அமெரிக்கா வந்தவரை விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள்.

2013-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடற்கொள்ளைக்கு உடந்தையாக இருந்த குற்றத்துக்கு அவரை விசாரிக்கலாம், கடற்கொள்ளைக்கான கூட்டுச்சதிக்கு விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மனிதர் ஒருவர், செயல் ஒன்று. அப்படியிருக்க ஒரு குற்றச்சாட்டு நிற்பதும் மற்றொன்று விழுவதும் எப்படி? கடற்கொள்ளையை வரையறுத்துத் தண்டிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு, 8-ஆம் பிரிவு வெளிப்படையாக அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அளித்திருக்கும்போது, அதைப் பன்னாட்டு வழக்காறு (நாடுகள் கட்டாயமெனக் கருதிப் பின்பற்றிவரும் நடைமுறை) எந்த வழியில் சுருக்குகிறது?

முதல் மறுமொழி

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

வரையறுக்கும் அதிகாரம் என்பது ஒரு சொல்லுக்கு விரும்பிய பொருளைச் சூட்டும் அதிகாரம் அன்று. 1820-இல் ஃபர்லாங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை மிகத் தெளிவாகச் சொன்னது. கொலைக்குக் கடற்கொள்ளை என்று பெயரிட்டு, அந்நியக் கப்பலில் அந்நியர் ஒருவர் அந்நியரைக் கொன்றதையும் அமெரிக்க நீதிமன்றத்துக்கு இழுத்துவர முடியுமானால், அதே உத்தியால் கொண்டுவர முடியாத குற்றம் உலகில் எதுவும் இருக்காது. எந்த நாடும் எவரையும் கடற்கொள்ளைக்காக விசாரிக்கலாம் என்னும் உலகளாவிய அதிகார வரம்பு அந்தக் குற்றத்தின் பொருளோடு பிணைந்து வருகிறது. ஆகவே ஒரு சட்டமன்றம் பொருளை மட்டும் விரித்தால் அதிகார வரம்பு தானாகக் கூடவே விரிவதில்லை.

இனி அலி வழக்குக்கு வருவோம். 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையை அமெரிக்கா ஏற்புறுதி செய்யவில்லை. ஆயினும் கடற்கொள்ளை பற்றிய அதன் விதிகளை வழக்காற்றுச் சட்டமாகவே அமெரிக்க நீதிமன்றங்கள் கொள்கின்றன. அதன் 101-ஆம் பிரிவின் முதல் உட்கூறு, வன்செயல் பன்னாட்டுக் கடற்பரப்பில் நிகழ வேண்டும் என்கிறது. அச்செயலைத் தூண்டுவதையும் அதற்கு வேண்டுமென்றே துணைசெய்வதையும் பற்றிய மூன்றாம் உட்கூறில் இடத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை. உடந்தை அந்த மூன்றாம் உட்கூறுக்குள் அடங்கிவிடுகிறது. கூட்டுச்சதியோ 101-ஆம் பிரிவில் எங்குமே இல்லை. வேறு பொருள்கொள்ள வழியிருக்கும்வரை, நாடுகளின் சட்டத்துக்கு, அதாவது பன்னாட்டுச் சட்டத்துக்கு, முரணாக ஓர் உள்நாட்டுச் சட்டத்தைப் படிக்கக் கூடாது என்பது 1804-இன் சார்மிங் பெட்ஸி வழக்கிலிருந்து வரும் விதி. அந்த விதியே ஒரு குற்றச்சாட்டை நிலைக்கவிட்டு மற்றொன்றை வீழ்த்தியது. கவனியுங்கள், இங்கே அரசமைப்புச் சட்டத்தை எதுவும் சுருக்கவில்லை. காங்கிரஸ் ஐயத்துக்கு இடமின்றி எழுதாத ஒன்றை நீதிமன்றம் அதன் தலையில் ஏற்ற மறுத்தது, அவ்வளவே.

இரண்டாம் மறுமொழி

சொற்களை மட்டும் எண்ணிப் பார்த்து வந்த முடிவாகவே இதைக் கருதுகிறேன். உடந்தை பற்றிய பகுதி தவறு என்பது என் உறுதியான கருத்து. மூன்றாம் உட்கூறில் இடம் குறிப்பிடப்படாததற்குக் காரணம், முழுப் பிரிவும் பன்னாட்டுக் கடற்பரப்பைப் பற்றிய பாகத்தில் அமைந்திருப்பதுதான். கொள்ளையரை எவரும் பிடிக்கலாம் என்ற விதி ஏன் பிறந்தது? நடுக்கடலில் எந்த அரசின் ஆட்சியும் இல்லை. கரையிலும் அதை ஒட்டிய எல்லைக்கடலிலும் ஆட்சி உண்டு. அது நலிந்திருக்கலாம், ஆனால் நலிவு என்பது இன்மை ஆகாது. 105-ஆம் பிரிவையும் படியுங்கள்: கொள்ளையரைக் கடலில் கைப்பற்றிய அரசின் நீதிமன்றங்களே தண்டனையை முடிவுசெய்யலாம் என்கிறது. அழைப்பிதழ் அனுப்பி வரவழைத்து விமான நிலையத்தில் கைது செய்வதை எந்த வகையிலும் அந்தக் கைப்பற்றலாகக் கொள்ள முடியாது. ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக விதிக்கும் ஒரு சட்டத்தில் இவ்வளவு தளர்ந்த வாசிப்பு என்னைக் கலங்கச் செய்கிறது.

மூன்றாம் மறுமொழி

105-ஆம் பிரிவு பற்றிய வாதம் வலுவானது. ஆனால் அது கைப்பற்றிய அரசுக்கு ஓர் உரிமையை அளிக்கிறதே தவிர, பிற அரசுகளின் நீதிமன்றங்களை விலக்கவில்லை என்ற வாசிப்பும் உண்டு. நடைமுறையில் சோமாலியக் கடற்கொள்ளையர் பலர் ஒரு நாட்டுக் கடற்படையால் பிடிக்கப்பட்டு, கென்யாவிலும் சேஷெல்ஸிலும் விசாரிக்கப்பட்டனர். கென்யாவிலேயே 2010-இல் மொம்பாசா உயர் நீதிமன்றம், எல்லைக்கடலுக்கு வெளியே நிகழ்ந்ததை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. 2012-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது.

என்னை அதிகம் உறுத்துவது முன்னறிவிப்பு பற்றிய கேள்வி: தன் செயல் குற்றம் என்பதை ஒருவர் முன்பே அறிய வழி இருந்ததா? கடற்கொள்ளையை 'நாடுகளின் சட்டம் வரையறுத்தவாறு' தண்டிக்கும் அமெரிக்கச் சட்டத்தின் வேர் 1819-இல் இருக்கிறது. 1820-இல் ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் போதிய வரையறை என்று ஏற்றபோது, நீதிபதி லிவிங்ஸ்டன் மட்டும் மறுத்தார். குடிமக்கள் பன்னாட்டு நூல்களைத் தேடிப் படித்துத் தம் குற்றத்தை அறியுமாறு விடக்கூடாது, காங்கிரஸே வரையறுக்க வேண்டும் என்பது அவர் நிலை. அவருடைய கவலை மெய்யாகிவிட்டதை 2010-இல் பார்த்தோம். வெர்ஜீனியாவில் ஒரே மாவட்ட நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், பொருள் எதையும் பறிக்காமல் கப்பலைத் தாக்கியது மட்டுமே கடற்கொள்ளையாகுமா என்பதில் சில மாத இடைவெளியில் நேரெதிராகத் தீர்ப்பளித்தனர். ஒருவர் 'கடற்கொள்ளை' என்ற சொல்லின் அர்த்தத்தை 1819-இல் இருந்தவாறே நிறுத்தினார். மற்றவர் அது காலத்தோடு வளரும் என்றார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வளரும் அர்த்தத்தையே ஏற்றது. தேர்ந்த நீதிபதிகளே பிளவுபட்ட இடத்தில், ஒரு மீனவன் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி கேட்டவர்

கூட்டுச்சதி ஏன் விழுந்தது என்பது இப்போது விளங்குகிறது. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் கூட்டுச்சதியையும் வெளிப்படையாகக் குற்றமாக்குகிறதே, அங்கும் இதே தடை எழுமா?

முதல் மறுமொழி அளித்தவர்

அந்தச் சட்டம் பிறந்ததற்கே ஒரு காரணம் உண்டு. கடத்தப்பட்டு 1999-இல் பிடிபட்ட 'அலோண்ட்ரா ரெயின்போ' கப்பல் வழக்கில் மும்பையில் தண்டிக்கப்பட்டவர்கள் 2005-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்; அன்று கடற்கொள்ளைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. இப்போது நாடாளுமன்றமே ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிட்டதால், சார்மிங் பெட்ஸி போன்ற வாசிப்பு விதிக்கு அங்கே வேலை குறைவு. இந்தியக் குடிமகனோ இந்தியக் கப்பலோ தொடர்புபட்டால் சிக்கலே இல்லை. அங்கே உலகளாவிய அதிகார வரம்பைத் துணைக்கு அழைக்கவே வேண்டாம். வெளிநாட்டுக் கரையில் அமர்ந்து, வெளிநாட்டுக் கப்பலைக் குறித்துச் சதி செய்த வெளிநாட்டவரை அந்தக் குற்றச்சாட்டில் மட்டும் நிறுத்தினால், அவருடைய வழக்கறிஞர் முதலில் 101-ஆம் பிரிவைத்தான் எடுத்து வைப்பார். நானாக இருந்தால், அதே உண்மைகளை உடந்தையாகவே குற்றப்பத்திரிகையில் எழுதுவேன்.