கூட்டாக வாங்குவோருக்கான தள்ளுபடித் தளம்: கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுபடுமா?

கொழிஞ்சாம்பாறை வாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து, கூட்டாக வாங்குவோருக்குத் தள்ளுபடி பெற்றுத்தரும் இணையதளம் ஒன்றை ஆறு மாதமாக உருவாக்கி வருகிறோம். ஒரு கடை ஒரு சலுகையை அறிவிக்கும். குறித்த நாளுக்குள் 25 பேர் பணம் கட்டினால் சலுகை உறுதியாகி, அவரவர் கைப்பேசிக்குக் கூப்பன் வந்துவிடும். ஆள் சேராவிட்டால் கட்டிய பணம் திரும்பிவிடும். கேரள எல்லையோரமான எங்கள் ஊரில் வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், துணி எடுக்கப் போவது பொள்ளாச்சி, கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாலக்காடு என்று இருப்பதால், தளத்தை இரண்டு மொழிகளிலும் அமைத்திருக்கிறோம்.

ஆடி முதல் தேதி தொடங்குவதாகத் திட்டம். பொள்ளாச்சித் துணிக்கடைகள், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து அழகு நிலையங்கள், மீனாட்சிபுரம் சாலை உணவகங்கள் என்று முப்பது கடைகளிடம் பேசியிருக்கிறோம். விற்கும் தொகையில் 20 சதவீதம் கமிஷன் கேட்கிறோம்; சிலர் யோசிக்கிறார்கள், பலர் பிடிகொடுக்காமலே பேசுகிறார்கள். கமிஷன்தான் தடையா, வேறு ஏதேனும் காரணமா? இரு மாநிலக் கடைகளையும் ஒரே தளத்தில் வைத்தால் வரிச் சிக்கல் வருமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பார்லர் அக்கா, சித்தூர்:

தம்பி, பிடிகொடுக்காமல் பேசுபவர்களில் என்னைப் போன்றவர்களும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சலுகைத் தளத்தின் ஆள் என் கடைக்கு வந்து, 1,200 ரூபாய் ஃபேஷியலை 500 ரூபாய்க்குத் தந்தால் ஊரெல்லாம் என் பெயர் பரவும் என்று சொன்னார்; நானும் சரி என்றேன். அந்த 500 ரூபாயில் பாதி அவர்களுக்கு, எனக்கு வந்தது 250. கிரீம், பேக், ஒருமுறை விரித்து எறியும் துணி எல்லாம் சேர்த்து 210 ரூபாய். செய்யும் பெண்ணுக்கு ஒரு முகத்துக்கு 60 ரூபாய் கொடுத்தாக வேண்டும். ஆக, வாடகையும் கரண்டும் சேர்க்காமலே ஒவ்வொருவருக்கும் கையிலிருந்து 20 ரூபாய் போட்டேன்.

அந்த இருபது ரூபாய்கூடப் பெரிதில்லை, விளம்பரச் செலவு என்று விட்டுவிடலாம். விற்ற கூப்பன் 140. உச்சவரம்பு வைக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கடையில் இருப்பதோ இரண்டே நாற்காலி. கூப்பன் கெடு ஓணத்துக்கு முந்தைய வாரம் முடிந்ததால், அத்தனை பேரும் அந்த ஒரே வாரத்தில் வந்து நின்றார்கள். பத்து வருடமாக மாதந்தோறும் புருவம் திருத்த வரும் டீச்சர் ஒருவர், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போனார். அவரை மறுபடி என் கடைக்கு வரவைக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கூப்பனில் வந்த 140 பேரில் முழுக் கட்டணத்துக்குத் திரும்ப வந்தவர்கள் பதினொரு பேர்; என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எனவே நீங்கள் கேட்கும் 20 சதவீதம் அதிகமா என்பது இரண்டாவது கேள்விதான். நான் முதலில் கேட்பது, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றனவே, அந்த நேரத்துக்கு மட்டும் ஆள் அனுப்ப உங்களால் முடியுமா என்பதை. முடியும் என்றால், முப்பது கூப்பனுக்கு மேல் விற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், 20 சதவீதத்தை நான் மறுக்கமாட்டேன்.

கணக்கர், பாலக்காடு:

வரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தளம் நடத்துபவர் கடைக்காரருக்காகப் பணம் வசூலித்தால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு பெற்ற கடைக்காரரின் வரிக்குரிய விற்பனை மதிப்பில் டிசிஎஸ் (தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி) கணக்கிட்டுப் பிடித்து, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கணக்குக் காட்ட வேண்டும். முன்பு 1 சதவீதமாக இருந்த இது, 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கடைகள் இருப்பதால் டிசிஎஸ் பதிவு இரண்டு மாநிலங்களிலும் தனித்தனியே வேண்டும். பொள்ளாச்சியில் உங்களுக்கு அலுவலகம் இல்லை என்றால் தலைமை அலுவலக முகவரியையே காட்டலாம். வருமான வரிப் பிடித்தம் தனி. 2024 அக்டோபர் 1 முதல் அது 0.1 சதவீதம்.

எல்லையோரத்தில் பலர் இடறும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வியாபாரி, 2023 அக்டோபர் 1 முதல் இணையதளத்தின் வழியாகப் பொருள் விற்கலாம். ஆனால் தன் மாநிலத்துக்குள் மட்டுமே. ஆகவே பொள்ளாச்சியில் பதிவில்லாமல் கருப்பட்டி விற்பவர், மாநில எல்லையில் உள்ள கோபாலபுரத்தைத் தாண்டி உங்கள் தளம் வழியாக ஒரு பொட்டலம்கூட அனுப்பக் கூடாது. அழகு நிலையம், உணவகம் போன்றவற்றில் இந்தக் குழப்பம் குறைவு. வாடிக்கையாளர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், சேவை எங்கே செய்யப்படுகிறதோ அந்த மாநில வரிதான். உணவகச் சேவையைத் தளத்தின் வழியாக விற்றால், 2022 ஜனவரி 1 முதல் அந்த ஜிஎஸ்டியைத் தளமே கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. நீங்கள் விற்பது உணவா, வெறும் கூப்பனா என்பது கடையுடன் போடும் ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது; அதை ஒரு பட்டயக் கணக்காளரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.

மக்கள் கட்டும் பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமென்ட் நிறுவனத்தின் வழியாக வாங்கி, கடைப் பங்கும் உங்கள் பங்கும் அங்கேயே பிரியும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

பழைய கூப்பன்காரர், பொள்ளாச்சி:

அக்கா சொன்னதை இந்தத் தொழிலின் முன்னோடிகளே பட்டுத்தான் அறிந்தார்கள். சலுகைக் கூப்பன் விற்கும் அமெரிக்க நிறுவனமான குரூப்பான் 2008-இல் சிகாகோவில், தன் அலுவலகம் இருந்த கட்டடத்துக் கடையின் பாதி விலை பீட்சாவோடு தொடங்கியது. 2010-இல் கூகுள் ஏறத்தாழ 600 கோடி டாலர் தர முன்வந்தபோது மறுத்தது. வாடிக்கையாளர் கட்டும் முழுத் தொகையையும் தன் வருமானமாகக் காட்டி வந்து, கடைகளுக்குச் சேர வேண்டியதைக் கழித்துத் திருத்தியபோது, 2010-ஆம் ஆண்டுக் கணக்கு 71 கோடி டாலரிலிருந்து 31 கோடியாகச் சுருங்கியது. நீங்களும் அந்த மயக்கத்தில் விழ வேண்டாம்: ஒரு லட்சத்துக்கு விற்றால் உங்களுடையது இருபதாயிரம்தான். இந்தியாவில் அதே நிறுவனம் 2013-இல் வெங்காயத்தைக் கிலோ 9 ரூபாய்க்கு விற்றபோது, வந்த கூட்டத்தில் தளமே முடங்கியது. இரண்டு ஆண்டுகளில் இந்தியக் கிளை கைமாறி ‘நியர்பை’ ஆயிற்று. 2010-இல் கூப்பனோடு தொடங்கிய ஸ்னாப்டீல் அடுத்த ஆண்டே பொருள் விற்பனைக்கு மாறிவிட்டது.

கூட்டாக வாங்குவது நமக்குப் புதிதில்லை. பண்டிகைக்கு ஆடு அறுப்பவர், எல்லாக் கூறுக்கும் ஆள் சேர்ந்த பிறகே கயிற்றை அவிழ்ப்பார்; சேராவிட்டால் ஆடு பிழைத்தது. உங்கள் 25 பேர் கணக்கும் அதுதான். அந்த எண்ணிக்கை மெய்யாக இருக்கட்டும். ‘இன்னும் இருவருக்கு மட்டுமே’ என்று பொய்யாக ஓடவிடும் கடிகார வித்தைகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த நெறிமுறைகள் தடை செய்கின்றன. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆடியில் தொடங்குவதைத்தான் நான் ஒப்பமாட்டேன். ஆடியில் பொள்ளாச்சித் துணிக்கடைக்கு உங்கள் தயவு தேவையில்லை. அவரே தள்ளுபடிப் பலகை கட்டி வாசலில் ஆள் நிறுத்தியிருப்பார். அதே மாதம் கேரளத்தில் கர்க்கடகம், ஆயுர்வேத சிகிச்சைக்கு உகந்தது என்று கருதும் மாதம். ஆயுர்வேத நிலையங்களில் படுக்கை கிடைக்காது, அவர் ஏன் விலை குறைக்கப் போகிறார்? அடுத்து ஓணம், அப்போதும் எல்லாருக்கும் வியாபாரம் உண்டு. புரட்டாசிக்குக் காத்திருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பாதிப் பேர் கறியை விட்டுவிடுவதால் பிரியாணிக் கடைகளில் மேசைகள் ஈயாடும். மலையாளிகளுக்கு அந்த நோன்பு இல்லை. கொல்லங்கோட்டிலும் முதலமடையிலும் இருப்பவர்கள் ஒரு கூப்பனுக்காகப் பொள்ளாச்சி வரை வண்டி எடுக்கத் தயங்கமாட்டார்கள். ஒரு பக்கத்துக் காலி நாற்காலிக்கு மறுபக்கத்து ஆளை அனுப்ப எல்லையில் இருப்பவரால் மட்டுமே முடியும். சென்னையில் உட்கார்ந்து தளம் நடத்துபவருக்கு இந்த நாள்காட்டி தெரியாது.

கொழிஞ்சாம்பாறை வாசி:

மூவருக்கும் நன்றி. துணிக்கடைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். ஒவ்வொரு சலுகைக்கும் குறைந்தபட்ச எண்ணோடு உச்சவரம்பையும், கூப்பன் செல்லும் கிழமையையும் நேரத்தையும் கடைக்காரரே குறிக்கும்படி படிவத்தை மாற்றுகிறோம். அக்கா, செவ்வாய்க்கிழமைக்கான முப்பது கூப்பனை உங்கள் கடையிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். வரும் வாரம் நேரில் வந்து பேசட்டுமா?

நேற்று மாலை பொள்ளாச்சியில் ஒரு பிரியாணிக் கடைக்காரரிடம் புரட்டாசி யோசனையைச் சொன்னேன். 20 சதவீதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கல்லாவின் மேல் தொங்கிய நாள்காட்டியை எடுத்துப் புரட்டி, நான்கு சனிக்கிழமைகளைப் பேனாவால் வட்டமிட்டு, “இந்த நாலு நாளைக்கு மட்டும் ஆளை அனுப்புங்க, தம்பி” என்றார்.

பார்லர் அக்கா, சித்தூர்:

வாருங்கள் தம்பி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே வந்தால், காலி நாற்காலியில் உட்கார்ந்தே பேசலாம்.