நீச்சல் குளத்தைச் சுத்தி செயற்கைப் புல்: பூரி மாதிரி உப்பின கதை

ரசமட்டம்

ராயக்கோட்டை ரோட்டுல ஒரு மாந்தோப்பு வீடு. குளம் 30 அடிக்கு 15 அடி, ஓரத்துல ஒரு அடி கருங்கல் கோப்பிங் (குளத்து விளிம்புல பதிக்கிற கல் பட்டை), அதுக்கு வெளியே நாலு பக்கமும் அஞ்சடி புல், ஆக 590 சதுர அடி. போட்டு மூணு வாரம்தான். ஃபில்டரை பேக்வாஷுக்கு (தண்ணியை எதிர்த்திசையில விட்டு ஃபில்டர் அழுக்கை வெளியே தள்றது) திருப்பி ஒரு நிமிஷம்கூட ஆகலை, பம்ப் ரூம் பக்கத்துப் புல் பூரி மாதிரி உப்பி எழுந்துச்சு. மேல கால் வச்சா தண்ணி மெத்தை. அழுத்தினா ஒட்டு பிரிஞ்சு, சேத்துத் தண்ணி நேரா குளத்துக்குள்ள பீச்சுது.

பிரிச்சுப் பார்த்தா ரெண்டு தப்பு. பேக்வாஷ் பைப்பை வெளியே கொண்டுபோகாம புல்லுக்கு அடியிலயே ஜல்லிக்குள்ள விட்டு மூடியிருக்கு. அந்த ஜல்லி ரெண்டே இன்ச், அதுக்கு மேல ரெண்டு இன்ச் கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கிறப்போ வர்ற தூள். டஸ்ட் தண்ணி குடிச்சுக் காய்ஞ்சு இறுகி, கடப்பாரையில குத்தினா ஓடு மாதிரி பேர்ந்து வருது. மேல விழற தண்ணிக்கும் இறங்க வழி இல்லை, கீழ வர்ற தண்ணிக்கும் போக வழி இல்லை.

பர்கூர்_ஜல்லி

எல்லாப் பழியையும் டஸ்ட் மேல போடாதீங்க அண்ணா. இந்தப் பக்கம் பூரா கல் குவாரி, டஸ்ட் மலிவு, அதான் எல்லாரும் அதையே கொட்டுறாங்க. குத்தம் டஸ்ட்ல இல்லை, கழுவாத டஸ்ட்ல. மாவு மாதிரி இருக்கிற நைஸ்தான் இறுகுது. ஒரு பிடி எடுத்து கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்கி வைங்க. பத்து நிமிஷம் கழிச்சும் தண்ணி பால் மாதிரியே இருந்தா அந்த லோடைத் திருப்பி அனுப்பிடணும். கழுவின எம்-சாண்ட், இல்லைன்னா 6 மி.மீ. சில்லு, மேல ஒரு இன்ச்சுக்கு மிகாம. கீழ 20 மி.மீ., 12 மி.மீ. கலந்த ஜல்லி நாலு இன்ச்.

தென்பெண்ணை_ஓரம்

டஸ்டா எம்-சாண்டான்னு அடிச்சுக்கிறதுல அர்த்தம் இல்லை. பேக்வாஷ் நிமிஷத்துக்கு 200 லிட்டர் போல தள்ளும். மூணு நிமிஷத்துல 600 லிட்டரை எந்த ஜல்லி குடிக்கும்? அது தனி பைப், தனி உறிஞ்சு குழி. கேக்காமலே சொல்றேன்னு நினைக்க வேணாம், குளத்தோரப் புல் கெடுற இடம் இதைவிட நிறைய இருக்கு.

முதல்ல, குளம் தோண்டி, சுவர் எழுப்பி, சுத்திக் கொட்டின செம்மண் உடனே அமராது. ஒரு ஐப்பசி மழையாவது அது மேல பெய்யணும். அவசரம்னா ஆறு ஆறு இன்ச்சா கொட்டி, தண்ணி தெளிச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் எர்த் ராமர் (மண்ணை இடிச்சு இறுக்குற மெஷின்) ஓட்டணும். திமிசுக் கட்டையில மேலாக்கத் தட்டினா அடுத்த வருஷம் கோப்பிங் ஓரமா பள்ளம் விழும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவுல ஜியோ டெக்ஸ்டைல் துணி, தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்கிறது. அது இல்லைன்னா செம்மண் மேல ஏறி ஜல்லியை அடைச்சிடும். கோரை முளை மட்டும் துணியையும் குத்திக்கிட்டு வரும், கிழங்கோட தோண்டி எடுத்துட்டுத்தான் துணியே விரிக்கணும்.

வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கம், அஞ்சடிக்கு ஒரு இன்ச். மட்டம் எடுக்கிறப்போ கோப்பிங் மேல்மட்டத்துல இருந்து கணக்குப் போடுங்க. 30 மி.மீ. புல்லுன்னா, இறுகின தளம் கோப்பிங்கை விட 25 மி.மீ. கீழ. நுனி அஞ்சு மி.மீ. மேல நிக்கும், நடக்க நடக்க அது படிஞ்சு சரியாயிடும்.

590 சதுர அடிக்கு நாலு இன்ச்னா இறுகின ஜல்லி 197 கன அடி. இறுகறதுக்கு முன்னால கால் பங்கு கூடுதல் வேணும், ஆக ரெண்டரை யூனிட் (யூனிட்னா 100 கன அடி).

ஆணி விஷயம். குளத்துப் பக்கம் ஆணியே கூடாது. ஃபில்டர்ல இருந்து குளத்துக்குத் தண்ணி திரும்பற ரிட்டர்ன் லைன், லைட் கேபிள் எல்லாம் அங்கதான் ஓடுது. கோப்பிங்கை ஒட்டி நாலு இன்ச் அகலத்துக்குக் கான்கிரீட் பட்டை போட்டு, அதுல ரெண்டு பாகம் கலக்கிற பி.யு. (பாலியூரித்தேன்) பசையால ஒட்டுங்க. வெளி ஓரத்துல மட்டும் அடிக்கு ஒரு ஆணி, துரு ஏறாத ரகம்.

ரசமட்டம்

ஒட்டுப் பத்தி ஒண்ணு விட்டுட்டீங்க. இங்க பூசியிருந்தது கடையில டப்பாவுல விக்கிற ரப்பர் சொல்யூஷன். தண்ணி நின்னா அது விட்டுடும்.

தென்பெண்ணை_ஓரம்

அது மட்டும் இல்லை. ரோல் ஓரத்துல ரெண்டு தையல் வரிசையை வெட்டி எடுக்கணும், முதுகுப் பக்கம் திருப்பி, வரிசைக்கு நடுவுல பிளேடை ஓட்டணும். ரெண்டு துண்டுக்கும் ரோமம், அதாவது புல் இழை சாயறது, ஒரே திசை. நடுவுல இடைவெளி மத்த தையல் வரிசைக்கு இருக்கிற அளவே. கூட வச்சா கோடு தெரியும், நெருக்கினா மேடு கட்டும். அடியில ரெண்டு துண்டையும் சேர்த்து ஒட்ட ஒரு அடி அகல டேப், மறுநாள் வரைக்கும் மேல மணல் மூட்டை. சித்திரை வெயில்ல விரிச்ச உடனே வெட்டினா ராத்திரி சுருங்கி ஒட்டு வாயைப் பிளக்கும். விரிச்சு ரெண்டு மணி நேரம் போட்டு வச்சு, சாயங்காலம் வெட்டுங்க.

அப்புறம் ரோல் அகலம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. அஞ்சடிக்குத் திட்டம் போட்டதுல நீள வாக்குல ஒன்றரை அடி வெட்டிப் போட்டாச்சு. பிளான் வரையறப்பவே ஆறரை அடின்னு போட்டிருந்தா அந்தக் கழிவு இல்லை. யார் கேக்குறா!

ஓசூர்_மாடி

புல் இழைக்கு நடுவுல கருப்பு ரப்பர் குருணை தூவலாமா? ஃபுட்பால் டர்ஃப்ல போடுறாங்களே.

பர்கூர்_ஜல்லி

குளத்தோரமா? வேணவே வேணாம் தம்பி. முதல் மழைக்கே மிதந்து, குளத்து மேல மிதக்கிற குப்பையை இழுக்கிற ஸ்கிம்மர் கூடையில போய் உட்காரும், வெயில்ல சூடும் அதிகம். கழுவின சிலிக்கா மணல், உருண்டை மணியா இருக்கிறது. சதுர அடிக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ. கோப்பிங் ஓரமா ஒரு அடிக்குத் தூவவே வேணாம். அப்புறம் வீட்டு ஜன்னல்ல வெயில் தடுக்கிற கண்ணாடி இருந்தா, அது எதிரொளிக்கிற வெயில் எங்க விழுதுன்னு பாருங்க. அந்த இடத்துல புல் உருகிச் சுருண்டுடும்.

மாந்தோப்பு

ராயக்கோட்டை வீட்டுல மரம் எவ்வளவு தூரம்? தை, மாசியில பூ வர்றப்போ தத்துப்பூச்சி விடுற பிசுக்கு புல் மேல சொட்டும். அப்படியே விட்டா அதுல கரும்பூசணம் படரும். சோப்புத் தண்ணி தெளிச்சு, ரோமத்துக்கு எதிர்ப்பக்கமா நைலான் பிரஷ்ஷால தேய்ச்சு அலசணும், அந்தப் பருவத்துல வாரம் ஒரு தடவை. போர் தண்ணி உப்பு வெள்ளையா படிஞ்சா வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி போதும். பாத்ரூம் ஆசிட் ஊத்தினா கோப்பிங் கல்லு இடுக்குச் சிமெண்ட் அரிச்சுப் போயிடும்.

ரசமட்டம்

கிளை குளத்துல இருந்து பன்னெண்டு அடி தள்ளி. பேக்வாஷுக்கு இப்போ 2 இன்ச் பி.வி.சி. தனியா இழுத்து, வேலி ஓரமா உறிஞ்சு குழியில விட்டாச்சு, குளோரின் தண்ணி மரத்து வேருக்குப் போகாம. டஸ்ட் முழுக்க வாரிட்டு ஜல்லி போட்டாச்சு. பழைய புல்லையே திரும்ப விரிச்சது. பம்ப் ரூம் பக்கம் ரெண்டடி துண்டு மட்டும் புதுசு, அது இன்னும் பச்சை கொஞ்சம் தூக்கலாத் தெரியுது.