1,76,000 கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக்: கியர் ஆயிலை மாற்றலாமா, சீண்டாமல் விடலாமா?

நொய்யல்கரை:
வண்டி 2010 ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக். ஐந்து கியர், டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை, சிவிடி (கியர் படிகளே இல்லாத பெல்ட் வகை) இல்லை. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வாங்கினேன். அப்போது ஒரு கோப்பு நிறைய பழைய பில்களைத் தந்தார்கள். இன்ஜின் ஆயில், பிரேக் பேட், ஏசி கேஸ், ஏன், வைப்பர் ரப்பருக்குக்கூட பில் இருக்கிறது. கியர் ஆயிலுக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. என் கைக்கு வந்து 64,000 ஓடிவிட்டது, நானும் மாற்றவில்லை. யாரைக் குறை சொல்ல?

காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டு 'டொக்' என்று விழுகிறது. சூடானதும் சரியாகிவிடும். போன மாதம் வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியபின் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் ஒரு கணம் வீணாக உறுமியது. பின்சீட்டில் இருந்த மாமியாரே "என்ன மாப்பிள்ளை சத்தம்?" என்று கேட்டுவிட்டார்.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் மிஷின் வைத்து ஃப்ளஷ் பண்ண (பழைய ஆயில் முழுவதையும் அழுத்தித் தள்ளி வெளியேற்ற) 16,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனோ, "தொடாதீங்க சார், புது ஆயில் போட்டா வண்டி நகராது" என்கிறார். விற்றால் இரண்டு லட்சம் தேறாத வண்டி. என்ன செய்வது?

பட்டறை முருங்கை:
தம்பி, இருபது வருஷமாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டுகிறேன். உங்கள் அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லை. கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் தேய்ந்து தூளாகி ஆயிலில் மிதக்கும். பிளேட் முக்கால்வாசி போன வண்டியில் அந்தத் தூள் கொடுக்கும் பிடிப்பில்தான் ஓட்டமே. அதை வடித்துவிட்டால் வழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்த பாக்ஸ் ஆயிலை மாற்றாவிட்டாலும் ரொம்ப நாள் தாங்காது. யாரும் நன்றாக ஓடும்போது வருவதில்லை, வழுக்க ஆரம்பித்தபின் ஓடி வருகிறார்கள். பழி புது ஆயில் மேல்!

உங்களுடையது இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை என்றுதான் படுகிறது. முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) பாருங்கள். வண்டி நன்றாகச் சூடாகட்டும், சமதரையில் இன்ஜினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள் அளவு பார்க்க வேண்டும். ஒரு சொட்டு வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். பழுப்பாகப் பரவினால் வயசான ஆயில், மாற்றலாம். கறுப்பாக, தீய்ந்த வாடை அடித்தால் மாற்றியும் பெரிய பலன் எதிர்பார்க்காதீர்கள்.

மிஷின் ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். மூலையில் படிந்த கசடு கிளம்பி வால்வு பாடியின் (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பாகத்தின்) சின்ன ஓட்டைகளில் போய் அடைக்கும். கீழே இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு ஊற்றினால் போதும். ஒருமுறைக்கு இரண்டரை லிட்டர்போலத்தான் வடியும். பாதிக்கு மேல் கன்வர்ட்டரிலும் உள்ளேயும் தங்கிவிடும். அதனால் ஓட்டி ஓட்டி மூன்று தடவை செய்யுங்கள். மூன்றாவதில் ஆறில் ஒரு பங்குதான் பழையது இருக்கும். ஆயில் ஹோண்டாவின் டிடபிள்யூ-1 மட்டும். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று எழுதிய டப்பா பக்கம் போகாதீர்கள்.

ரெண்டாம்கை ராசா:
என் கதையையும் கேளுங்கள். வேறு கம்பெனி வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டரில் மிஷின் ஃப்ளஷ் செய்தேன். மூன்றே வாரத்தில் 'டி' (டிரைவ்) போட்டால் வண்டி அசையவில்லை. ஆறு மாதம் ஊரெல்லாம் சர்வீஸ் சென்டரைத் திட்டினேன். உண்மையைச் சொன்னால், அதற்கு முன்பே ஒரு வருஷமாக மேட்டில் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

நொய்யல்கரை:
நன்றி அண்ணா. டிஷ்யூவில் டிகாஷன் நிறம். தீய்ந்த வாடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஷெட்டில் நாங்களே இறங்கினோம். அந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் தேட வேண்டாம், ராட்செட்டின் 3/8 இஞ்ச் சதுர முனை அப்படியே பொருந்துகிறது. அதைத் தொடும் முன் மேலே ஆயில் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்றால் வண்டி ஷெட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

போல்ட் முனைக் காந்தத்தில் மை போலச் சாம்பல் நிறச் சேறு. விரலில் தேய்த்துப் பார்த்தோம், நறநறப்பு இல்லை, உலோகச் சில்லும் இல்லை. வடிந்ததைத் தண்ணீர் பாட்டிலில் அளந்தோம்: 2.4 லிட்டர். அதே அளவு புதிது ஊற்றி, புது வாஷர் போட்டு முடுக்கினோம்.

நானூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது. காலை 'டொக்' பாதியாகக் குறைந்திருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வரும் உறுமல் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஞாயிறு இரண்டாவது தடவை.

பட்டறை முருங்கை:
மூன்றும் முடித்து ஆயிரம் கிலோமீட்டர் போகட்டும். உறுமல் அப்போதும் இருந்தால் பாக்ஸைப் பிரிக்கச் சொல்பவரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். ஆயில் அழுத்த சென்சர், சோலனாய்டு (ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) வடிகட்டி இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வால்பாறை வேண்டாம். மாமியாரை பஸ்ஸில் அனுப்புங்கள்.