ஏற்காட்டில் வீடு வாங்குகிறோம்: செப்டிக் டேங்கைக் காலி செய்வதற்கு முன் பார்ப்பதா, பின் பார்ப்பதா?

கேள்வி (அழகாபுரம், சேலம்)

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் சாலையை ஒட்டி, 15 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடு ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் சரியாகவே உள்ளன. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாததால் கழிவுநீர் முழுவதும் செப்டிக் டேங்குக்கும் அதை அடுத்த உறிஞ்சு குழிக்கும்தான் போகிறது. அடுத்த வாரம் லாரியை வரவழைத்துக் காலி செய்துவிடுவதாகவும், அதன் பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் வீட்டுக்காரர் சொல்கிறார். சரிவில், குழிக்குக் கீழே ஏறத்தாழ 12 மீட்டரில் குடிநீர்க் கிணறு இருக்கிறது. அவர் சொல்வதுபோல் செய்யலாமா?

பதில் 1 (கட்டடப் பொறியாளர், அஸ்தம்பட்டி)

வேண்டாம் ஐயா. காலி செய்த தொட்டி, சாப்பிட்டுக் கழுவி வைத்த பாத்திரம்போல. அதில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. லாரி வருவதற்கு முன்பே மூடியைத் திறக்கச் செய்து, தொட்டியின் நீர்மட்டம், நீர் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே ஏறி நின்றால் உறிஞ்சு குழி நீரை வாங்கவில்லை, அல்லது இடையிலுள்ள குழாய் அடைத்திருக்கிறது. ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் மட்டம் அதற்குக் கீழே கிடந்தால், தொட்டியின் அடியோ சுவரோ கசிகிறது என்று கொள்ளலாம். பிறகு உங்கள் கண்முன்னே லாரி உறிஞ்சட்டும். அப்போது குழியிலிருந்து நீர் அந்தக் குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பி வந்தால், குழி நிரம்பிக் கிடக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, சார்னகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. மேல்மண் ஆழமில்லாத இடத்தில் குழிக்குள் இறங்கும் நீர் பாறையின் மேல் வழிந்து சரிவில் எங்காவது வெளிப்படும். ஆகவே தொட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், குழிக்குக் கீழுள்ள கல்கட்டுச் சுவரில் ஈரமும் நாற்றமும் உள்ளனவா, புல் அந்த இடத்தில் மட்டும் செழித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். மழைக்காலத்தில் பார்ப்பதே நல்லது; கோடையில் எல்லாக் குழிகளும் நல்ல குழிகள்தான்.

கிணறுதான் என்னை உறுத்துகிறது. செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 2470-இன் இரண்டாம் பகுதி, உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் கேட்கிறது. உங்களுடையது 12, அதுவும் கிணறு தாழ்வில் இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைக் கொடுத்து, கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகள் உள்ளனவா என்று சோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள், தீக்குச்சியும் வேண்டாம். உள்ளே நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடும், தீப்பற்றும் மீத்தேனும் இருக்கும். ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்ய வீட்டுக்காரர் முயன்றால் தடுத்துவிடுங்கள்; கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

பதில் 2 (கன்னங்குறிச்சி)

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். காலியான தொட்டியைப் பார்த்துவிட்டுக் கிரயம் முடித்தோம். ஆறு பேர் குடியேறிய ஐந்தாம் வாரத்தில் கழிவறையில் நீர் ஏறி நின்றது. முன்பு அந்த வீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர் என்பதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஏற்காட்டு வீடு பெரும்பாலும் பூட்டிக் கிடப்பதென்றால், நீர்மட்டத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பார்க்கப் போகும் நாளில் எல்லாக் குழாய்களையும் இரண்டு மணி நேரமாவது திறந்துவிட்டு, மட்டம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பதில் 3 (ஆவண எழுத்தர், சேலம்)

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, விற்பவர் தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததுமான முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவருக்குத் தெரியும் என்பதைப் பின்னாளில் நிரூபிப்பது எளிதன்று. எனவே தொட்டியும் குழியும் எங்கே உள்ளன, கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டது, சோதனையில் குறை தெரிந்தால் செலவு யாருடையது என்பவற்றைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நாங்கள் இருக்கும்போதே லாரியை வரவழைக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். கிணற்று நீரையும் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். தொட்டி மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதை உடைத்துத் திரும்ப ஒட்டும் கூலி யாருடையது என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது.